கேட்பார் உள்ள விஞ்ஞானம்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால், நம் பொறியியல் கல்லூரிகளின் வாசலை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் இரவு பத்து மணிக்கும் விளக்கு அணைவதில்லை. இறுதியாண்டு மாணவர்களின் ப்ராஜெக்ட் அறிக்கைகள், கல்லூரியின் பெயரும் முத்திரையும் பொன்னெழுத்தில் பொறித்த கெட்டி அட்டைக்குள் அடங்கி, பசை காய்வதற்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் காத்திருக்கும். அவற்றின் தலைப்புகளை மட்டும் ஒருவர் நின்று படித்துப் பார்ப்பாராயின், மண்ணின் ஈரத்தை விவசாயிக்கு அறிவிக்கும் கருவி, பார்வையற்றோருக்கு வழிகாட்டும் கைத்தடி, கிராமக் குடிநீர்த் தொட்டி நிரம்பி வழியாமல் காக்கும் பொறி என்று, நாட்டு மக்களின் துன்பங்களில் பாதிக்கு இந்த ஒரு கடையிலேயே பரிகாரம் தயாராகிவிட்டதென்று எண்ணி மகிழ்வார். ஆனால் வழிகாட்டிய ஆசிரியருக்கு ஒன்று, துறை நூலகத்துக்கு ஒன்று, மாணவருக்கு ஒன்று என்று பிரதிகளைப் பங்கிட்டபின், அந்த விவசாயிக்கோ, பார்வையற்றவருக்கோ, தொட்டியைத் திறந்து மூடும் பஞ்சாயத்து ஊழியருக்கோ எதுவும் மிஞ்சுவதில்லை. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. அறிக்கையையும், அதற்குரிய நிரலையும், வைவாவில் வரக்கூடிய கேள்விகளுக்கு விடைகளையும் சேர்த்தே விலைக்குத் தரும் ப்ராஜெக்ட் சென்டர்கள் செழித்து நடப்பதில் வியப்பென்ன? கேட்பாரற்ற பண்டத்தை யார் செய்து கொடுத்தால்தான் என்ன?

'பொதுநலத் தொழில்நுட்பம்' என்ற கருத்தைப் பற்றிச் சிந்திப்போர் இந்த ஜெராக்ஸ் கடையிலிருந்து தொடங்குவது நலம் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவில் ஃபோர்டு அறக்கட்டளையும் ஹியூலெட் அறக்கட்டளையும் நியூ அமெரிக்கா என்ற ஆய்வு நிறுவனமும் கூடி, 2019-ஆம் ஆண்டில் 21 சர்வகலாசாலைகளையும் கல்லூரிகளையும் ஓர் இணையத்துக்குள் கொண்டுவந்து, கம்பெனிகளின் லாபத்துக்கென்றே பழக்கப்பட்டுவிட்ட தொழில்நுட்ப அறிவைப் பொதுஜனங்களின் காரியங்களுக்குத் திருப்புவதற்கு மாணவரையும் ஆசிரியரையும் ஆயத்தம் செய்வது என்று முடிவு செய்தன. அதே ஃபோர்டு அறக்கட்டளைதான், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், பொதுநல வழக்குரைஞர்கள் என்ற புதியதொரு வர்க்கம் அந்நாட்டில் வேரூன்றுவதற்குத் திரவிய சகாயம் செய்தது. அந்த முன்மாதிரியையே இப்போதும் மனத்தில் கொண்டார்கள். பொதுநல வழக்கு நமக்கும் புதிதன்று. பிகார் சிறைகளில் விசாரணையே இன்றி ஆண்டுக்கணக்கில் கிடந்த கைதிகளுக்காக ஹுஸைனாரா காத்தூன் என்ற பெயரால் 1979-இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கு முதற்கொண்டு, அது நம் பொதுவாழ்வில் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது.

ஆனால் இந்த உவமானத்தில் ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறையில்தான் விஷயத்தின் உயிர்நிலையும் இருக்கிறது. வக்கீல் எவ்வளவு உயர்ந்த லட்சியவாதியாக இருந்தாலும் அவருக்கென்று ஒரு கட்சிக்காரர் உண்டு. அந்தக் கட்சிக்காரர், ஏழையோ எழுத்தறியாதவரோ, காலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்து, 'ஐயா, என் கேஸ் என்ன ஆயிற்று?' என்று கேட்கும் பாத்தியதை உடையவர். வேண்டாமென்று தோன்றினால் வக்காலத்தை மாற்றிக்கொண்டு போய்விடவும் அவரால் முடியும். சர்வகலாசாலையில் பொதுநலத்துக்காகக் கருவி செய்யப் புறப்படுகிறவருக்கோ அத்தகைய கட்சிக்காரர் ஒருவரும் இல்லை. பணம் கொடுத்த ஸ்தாபனம் கேட்கும், பத்திரிகை ஆசிரியர் கேட்பார், துணைவேந்தர் கேட்பார். யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் கேட்பதற்கு வழியே வைக்கப்படவில்லை. பாடத்திட்டத்தில் ஒரு தாளைச் சேர்ப்பதும், ஒரு மையத்துக்கு ரிப்பன் வெட்டுவதும், இரண்டு நாள் கருத்தரங்கு கூட்டுவதும் எளிய காரியங்கள். வேண்டாமென்றும், போதாதென்றும், இது வேலை செய்யவில்லையென்றும் சொல்லத்தக்க ஒருவரைச் சர்வகலாசாலையின் உள்ளே கொண்டுவந்து, அவர் சொல்வதற்குக் கட்டுப்பட்டிருக்கும் சிலர் பல்லாண்டு காலம் சேர்ந்து வாழ்வதே கடினமான காரியம். அப்படிச் சேர்ந்தவர்களையே சமூகம் என்ற சொல்லால் சுட்டத் தகும்.

இதற்கு அமெரிக்கா வரை போவானேன்? இன்றைக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே பெங்களூரில் இது நடந்திருக்கிறது. அமுல்ய ரெட்டி என்பவர் மின்வேதியியலில் உலகப் புகழ் பெற்றவர். லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியதும் நம் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் சில காலம் பணியாற்றி, பிறகு பென்சில்வேனியா சென்று, அங்கே தம் ஆசிரியர் பாக்ரிஸுடன் சேர்ந்து எழுதிய பெருநூல் 1970-இல் வெளிவந்து, அத்துறை மாணவர்களுக்கு நெடுங்காலம் ஆதார நூலாக விளங்கியது. 1966-இல் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்த அவர், தம் துறையிலேயே மேலும் மேலும் கீர்த்தி சேர்த்துக்கொண்டு நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கலாம். அதைவிட்டு, இந்தக் கழகத்தின் அறிவால் இதைச் சுற்றியுள்ள கிராமத்து ஏழைக்கு என்ன பிரயோஜனம் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார். 1974-இல், கிராமப் பகுதிகளில் விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பத்தையும் பிரயோகிப்பதற்கென்று, 'அஸ்த்ரா' என்ற சுருக்கப் பெயரோடு ஒரு சிறு பிரிவு கழகத்துக்குள் உதயமாயிற்று. அப்போது கழகத்தின் இயக்குநர் சதீஷ் தவன்; விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அவரே தலைவர். ஆரியபட்டாவை வானில் ஏற்றும் பொறுப்பைத் தோளில் சுமந்திருந்த மனிதர், தம் கழகத்துப் பேராசிரியர்கள் சாணத்தையும் சுள்ளியையும் ஆராய்வதற்கு இடம் கொடுத்தார் என்பதை நம் துணைவேந்தர்கள் ஒரு முறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் நம் கழகத்தின் தகுதிக்கு ஏற்ற ஆராய்ச்சியா என்று முகம் சுளித்தவர்கள் அங்கேயும் இல்லாமலில்லை.

அஸ்த்ராவினர் முதலில் செய்த நல்ல காரியம், எதையும் கண்டுபிடிக்காமல் இருந்தது. தும்கூர் ஜில்லாவில், குணிகல் தாலுக்காவைச் சேர்ந்த உங்ரா என்ற ஊரில் ஒரு விஸ்தரிப்பு நிலையம் அமைத்து, அதைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் வீடு வீடாகப் போய், யார் எவ்வளவு விறகு எரிக்கிறார்கள், எங்கிருந்து கொண்டுவருகிறார்கள், எத்தனை நேரம் செலவாகிறது என்று அளந்தார்கள். அதில் புரா என்ற கிராமத்தின் கணக்கு பிற்காலத்தில் எரிசக்தி நிபுணர்கள் எடுத்தாளும் கணக்காயிற்று. அவ்வூர் பயன்படுத்திய எரிசக்தியில் 89 சதவீதம் விறகு. மின்சாரம் ஏறக்குறைய 1 சதவீதம். அந்த விறகைப் பொறுக்க ஒரு குடும்பம் நாளொன்றுக்குச் சராசரி 2.6 மணி நேரம் செலவிட்டு, ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நடந்தது. ஊரின் மனித உழைப்பில் பெண்களின் பங்கு 53 சதவீதம், ஆண்களின் பங்கு 31, குழந்தைகளின் பங்கு 16. தில்லியில் எரிசக்தி என்று பேசியவர்கள் நிலக்கரியையும் பெட்ரோலையும் அணைக்கட்டையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண் தலையில் சுமக்கும் சுள்ளிக்கட்டும் எரிசக்திக் கணக்கில் சேர வேண்டியதே என்று எண்களால் நிலைநாட்டியது சாமானிய காரியமன்று.

பிறகு கருவிகளுக்கு வந்தார்கள். வந்ததும் அடி விழுந்தது. புராவில் மாட்டுச் சாணத்திலிருந்து எரிவாயு எடுத்து எல்லா வீட்டு அடுப்புக்கும் குழாய் வழியே அனுப்புவது என்பது 1980-களின் தொடக்கத்தில் அவர்கள் கொண்ட உத்தேசம். கணக்குப்படி அது சரியாகவே தோன்றியது. ஊரிலோ, கிடைத்த சாணத்துக்கு வந்த வாயு எல்லார் வீட்டுச் சமையலுக்கும் போதவில்லை, போதாத வாயுவை நம்பி யாரும் உலை வைப்பதில்லை, சாணம் கொண்டுவருவதும் குறைந்தது, திட்டம் நின்றுபோயிற்று. விறகுக்காகக் காசு கொடுத்து அறியாத அந்த ஊராருக்குச் சமையல் எரிவாயு முதல் தேவையாகவே இருக்கவில்லை. அவர்கள் ஏங்கியது நல்ல குடிதண்ணீருக்கு. பொறுக்கிய சுள்ளிக்கு விலையில்லை என்பது கிராமத்தார் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பேராசிரியர்களுக்கு அது தெரிவதற்கு ஓர் எரிவாயுக் கலம் மூடப்பட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் வேறொரு குழுவாயிருந்தால் ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு, வேறு கிராமத்தைப் பார்க்கப் போயிருக்கும். இவர்கள் அதே ஊரில் உட்கார்ந்து மறுபடி யோசித்தார்கள். 1987-இல் அதே சாணவாயு, அடுப்புக்குப் போகாமல் ஒரு சிறிய டீசல் எஞ்சினுக்குப் போயிற்று. எஞ்சின் மின்சாரம் தந்தது. மின்சாரம் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணீரை இறைத்துத் தெருக் குழாய்களுக்கு அனுப்பியது. மாலையில் வீடுகளில் டியூப் லைட் எரிந்தது. சாணம் கொண்டுவருகிறவர்களுக்குக் கிலோவுக்கு 2 பைசா கூலி. அது பெரும்பாலும் பெண்களின் கைக்கும் பிள்ளைகளின் கைக்கும் போயிற்று. வாயு எடுத்தபின் மிஞ்சும் கசடு, கொடுத்த சாணத்தின் அளவுக்கேற்பச் சொந்தக்காரருக்கே எருவாகத் திரும்பியது. நிர்வாகம் ஊர்ச் சபையின் பொறுப்பு. எஞ்சினை ஓட்டியவர்கள் ஊர் இளைஞர்கள். பொதுச்சொத்து என்றால் அவரவரும் சுரண்டி அழிப்பதே மனித சுபாவம் என்று காரெட் ஹார்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1968-இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் வேதவாக்காகப் போற்றப்பட்டு வந்தது. சாணம் வராவிட்டால் தன் வீட்டு விளக்கும் தன் தெருக் குழாயும் சேர்ந்து நின்றுபோகும் என்பது ஒவ்வொருவருக்கும் பிரத்தியட்சமாகத் தெரியும்படி ஏற்பாடு அமைந்துவிட்டால், தன்னலமும் பொதுநலமும் ஒரே வண்டியில் பூட்டப்பட்டுவிடும் என்று ரெட்டி அதற்குப் புராவைக் காட்டி மறுமொழி சொன்னார்.

அஸ்த்ராவின் காரியமெல்லாம் வெற்றி என்று சொல்ல நான் வரவில்லை. மூன்று பாத்திரம் வைக்கும் புகைபோக்கி அடுப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் அருமையாக எரிந்தது. அளவு ஒரு விரற்கடை பிசகிக் கட்டப்பட்ட ஊர்களில் பழைய அடுப்பைவிடப் பெரிதாக ஒன்றும் சிறக்கவில்லை. அடுப்புக் கட்டுகிறவருக்குப் பயிற்சியும் அச்சும் தராமல் எண்ணிக்கை இலக்கை மட்டும் நிர்ணயித்த அரசாங்கத் திட்டங்கள் பல லட்சம் அடுப்புகளைக் கணக்கில் காட்டின. அவற்றில் எத்தனையோ சீக்கிரமே கோழி அடைகாக்கும் இடமாயின. ஆயினும் அந்தக் கூட்டத்தார் கலைந்து போகவில்லை. கட்டடப் பொறியியலார் மண்கல் செய்தார்கள், இயந்திரப் பொறியியலார் அடுப்புச் செய்தார்கள். ஒருவர் தோல்வியை மற்றவர் அறிந்திருந்தார்கள். 1975-இல் ஏற்பட்ட கர்நாடக மாநில விஞ்ஞான தொழில்நுட்ப மன்றத்துக்கு ரெட்டியே செயலாளராக இருந்தமையால், கழகத்துக்குள் பிறந்த பழக்கம் மதிலைத் தாண்டி, அந்த மாநிலத்து மற்றப் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் தம் ஊர்ப் பிரச்சினைகளை ப்ராஜெக்டாக எடுத்துக்கொள்ள உதவித்தொகை தரும் ஏற்பாடாகவும் பரவிற்று. பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் 1985 முதல் கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு மையம் இருக்கிறது. கணிதத்திலும் கணினி இயலிலும் தேர்ந்த மிலிந்த் சோஹோனி போன்றவர்கள் அங்கே கிராமக் குடிநீர்த் திட்டங்களின் குழாய்க் கணக்கைச் சரிபார்ப்பதைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதவில்லை.

கிராமமும் சாணமும் பழைய கதை, இப்போது கணினியும் தரவும் அல்லவா என்று கேட்போர் உண்டு. கணினி வந்தபின் விஷயம் இன்னும் கூர்மையாயிற்று என்பதற்கு மிச்சிகன் மாநிலமே சாட்சி. ஃபிளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க எண்ணிக் குடிநீரை ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். வீட்டு இணைப்புகளிலிருந்த ஈயம் தண்ணீரில் கரைந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஏறிற்று. ஈயக் குழாய் எந்த எந்த வீட்டில் இருக்கிறது என்பதோ நகராட்சிக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஏறத்தாழ 45,000 பழைய அட்டைகளிலும், கையால் குறித்த வரைபடங்களிலும் அது சிதறிக் கிடந்தது. மிச்சிகன் சர்வகலாசாலையின் ஆபர்னெதி, ஷ்வார்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்களும் அவர்களுடைய மாணவர்களும் அந்தக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றி, வீட்டின் வயது முதலியவற்றோடு சேர்த்து, எங்கே தோண்டினால் ஈயம் கிடைக்கும் என்று அனுமானித்தார்கள். 2017-இல் தோண்டிய வீடுகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் ஈயக் குழாய் அகப்பட்டது. மறு ஆண்டு பணி ஒரு பெரிய கம்பெனியின் மேற்பார்வைக்கு மாறி, அனுமானத்தை ஒதுக்கித் தெருத்தெருவாகத் தோண்டியபோது அந்த விகிதம் 15 சதவீதமாகச் சரிந்தது.

இந்த மாற்றத்தை மூடத்தனம் என்று சொல்லிக் கைகழுவிவிடலாம்; அது நியாயமாகாது. அடுத்த வீட்டு வாசலைத் தோண்டிப் பழைய குழாயை எடுத்துவிட்டு, தன் வீட்டைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்து நிற்கும் ஒரு தாய்க்கு, 'உங்கள் வீட்டில் செம்புக் குழாய் இருக்கவே வாய்ப்பு அதிகம்' என்ற பதில் போதுமா? அதிகாரிகள் அதற்கு முன்பும் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி ஏமாற்றிய ஊர் அது. நகரத் தலைமை ஜனங்களின் அந்தச் சந்தேகத்துக்குப் பணிந்தது. கணக்கு சரியாயிருந்தும், அதன் நியாயத்தைத் தெருவில் நின்று எடுத்துச் சொல்வதற்கு ஆள் இல்லாமற்போயிற்று. கடைசியில், உள்ளூர்ப் பாதிரிமார் சங்கமும் சுற்றுச்சூழல் வழக்குரைஞர்களும் முன்பே போட்டிருந்த வழக்கின் பலத்தாலேயே 2019-இல் அனுமான முறை திரும்ப வந்தது. அதே சர்வகலாசாலையின் சட்டக் கல்லூரியிலும் இதற்கு ஒப்பான சம்பவம் உண்டு. 2013 முதல் 2015 வரை அம்மாநிலத்தில் வேலையிழந்தோர் உதவித்தொகையைக் கண்காணித்த கணினி, ஏறத்தாழ 40,000 பேரை மோசக்காரர் என்று தானே தீர்மானித்து, பெற்ற தொகைக்கு நான்கு மடங்கு அபராதமும் விதித்தது. பின்னர் மாநில அரசே மறுபரிசீலனை செய்தபோது, கணினி தானே முடித்த வழக்குகளில் 93 சதவீதம் தவறு என்று தெரிந்தது. அந்த அக்கிரமத்தை முதலில் மோப்பம் பிடித்தவர்களில், ஏழைகளுக்குச் சட்ட உதவி அளிக்கும் அக்கல்லூரியின் நிலையத்தாரும் உண்டு. அவர்கள் கணினி நிபுணர்கள் அல்லர். ஒரே மாதிரியான கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கட்சிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். அதனால் அவர்களுக்குத் தெரிந்தது.

நம் ஊருக்கு வருவோம். ரேஷன் கடையில் தேய்ந்துபோன விரல் ரேகையை இயந்திரம் ஏற்காமல் திரும்பிப் போகும் கிழவியும், ஆதாரில் பிறந்த தேதி ஒத்துவராமல் முதியோர் உதவித்தொகை நின்றுபோனவரும் இ-சேவை மையத்து வாசலில் நிற்கிறார்கள். அந்த மையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கணினி இயல் துறையோடு ஒரு பொறியியல் கல்லூரியும் பல ஊர்களில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே போக்குவரத்து இல்லை. மத்திய அரசு 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் கல்லூரிகள் ஐந்து ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. தத்தெடுக்கப்பட்ட கிராமத்துக்கு அந்தச் செய்தி எட்டியதா என்று கேட்டால் சில இடங்களில் சங்கடமான மௌனமே பதிலாகும். ஆசிரியர்களையும் குறைகூறிப் பயனில்லை. 2010 முதல் பல்கலைக்கழக மானியக் குழு பதவி உயர்வைப் புள்ளிக் கணக்கோடு பிணைத்தது. ஆய்வுக் கட்டுரைக்குப் புள்ளி உண்டு. ஒரு பஞ்சாயத்தின் மோட்டார் ஓடாத காரணத்தைக் கண்டுபிடித்து, அதை ஓட வைத்து, மூன்று வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவந்தவருக்கு எந்தப் பத்தியில் புள்ளி போடுவதென்று படிவம் சொல்வதில்லை. குடும்பஸ்தரான ஓர் உதவிப் பேராசிரியர் எதைச் செய்வார் என்று ஊகிக்க ஜோசியம் வேண்டுவதில்லை. தவனைப் போன்ற ஒரு தலைவர் குடை பிடிக்க வாய்த்தால் ரெட்டியைப் போன்றவர் தோன்றலாம்; ஆனால் தலைவர்கள் மாறுவார்கள், படிவம் மாறாது.

ஆகவே பெரிய மையங்களுக்குப் பணம் தேடுவதற்கு முன்பு, செலவு அதிகமில்லாத ஒரு சிறு மாறுதலைச் செய்து பார்க்கலாமென்று சொல்வேன். மாணவன் எந்த ஊருக்காகக் கருவி செய்தேனென்று அறிக்கையில் எழுதுகிறானோ, அந்த ஊரின் ஆள் ஒருவரை, தொட்டி ஆபரேட்டரையோ, கிராம சுகாதார செவிலியரையோ, ரேஷன் கடை விற்பனையாளரையோ, பயணப்படி கொடுத்து அழைத்து, வைவாவில் வெளித் தேர்வாளருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, நூற்றுக்கு இருபத்தைந்து மதிப்பெண்ணை அவர் கையில் விட்டுவிட வேண்டும். அவர் தமிழில் கேட்பார். மாணவன் தமிழில் பதில் சொல்லியாக வேண்டும். மின்சாரம் அழுத்தம் குறைந்து வரும்போது இந்தப் பெட்டி என்ன செய்யும், மோட்டாரில் காயில் எரிந்துபோனால் இதைக் கழற்றாமல் கட்ட முடியுமா, நீ படிப்பு முடிந்து பெங்களூர் போனபின் நான் யாருக்குப் போன் பண்ணுவது என்று கேட்பார். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவேனும் துறையில் ஓர் ஆசிரியர் பெயரும் அடுத்த ஆண்டு மாணவர் பெயரும் எழுதி வைக்கப்படும். அடுத்த ஆண்டு அதே ஆபரேட்டர் வந்து, போன வருஷத்துப் பெட்டி பழுதாகிக் கிடக்கிறது என்றால், புதிய தலைப்பு தேட வேண்டிய அவசியமும் இராது. விதியில் இடமில்லை என்று தேர்வுக் கட்டுப்பாட்டாளர் சொல்வார். தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் விதியை இயற்றுவது அக்கல்லூரியின் கல்விக் குழுவே. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்ப்பதற்கு எந்த அறக்கட்டளையின் அனுமதியும் தேவையில்லை.